‘சின்னச் சாமான் ரேக்தானே’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்

போன வாரம் கோவை கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் ரேக் சாய்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். 7 அடி உயரம், 1 அடி ஆழம், ஆறு தட்டு. மேல்தட்டில் இருந்த போல்ட் டப்பாவை எடுக்க, அங்கே வேலை பார்க்கிற பையன் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறியிருக்கிறான். மொத்தமும் அவன் பக்கமே வந்துவிட்டது. பாதத்தில் இரண்டு எலும்பு முறிவு. தலையில் விழாதது அவனைப் பெற்றவள் செய்த புண்ணியம். இந்த வருஷம் நான் போய்ப் பார்த்த மூன்றாவது ரேக் இது.

கோவையில் ஃபேப்ரிகேஷன் வேலைக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. ரேக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: “சின்னச் சாமான் வெக்கத்தானுங்ணா, லைட்டா போட்டுக் குடுங்க.” துணிக்கடையில் பார்த்த ரேக்கைப் போனில் படம் பிடித்து வந்து காட்டுகிறார்கள். துணி வைக்கிற ரேக்கும் நட்டு போல்ட் வைக்கிற ரேக்கும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் சாமான் எவ்வளவுக்குச் சின்னதோ அவ்வளவுக்கு அது இடைவெளி இல்லாமல் நெருங்கி உட்காரும். பெரிய கியர்பாக்ஸ் ஒன்றை வைத்தால் சுற்றிலும் காலி இடம் இருக்கும். நட்டு, வாஷர், ட்ரில் பிட்டெல்லாம் டப்பாவின் மூலை வரை நிரம்பும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு லிட்டர் அளவுக்குக் கட்டி இரும்பு 7.85 கிலோ. நட்டு போல்ட்டைக் குவித்துப் போட்டால் சந்து பொந்து போக ஏறக்குறைய அதில் பாதி, அதாவது 4 கிலோ. எல்லாப் பட்டறையிலும் 5 லிட்டர் ஆயில் கேனை வெட்டி நட்டு போட்டு வைப்பார்கள் இல்லையா? நிரம்பிய கேன் ஒன்று 20 கிலோ. 4 அடித் தட்டில் எட்டு கேன் வரிசையாக நிற்கும். 160 கிலோ. ஆறு தட்டும் நிரம்பினால் 960 கிலோ. ஆல்ட்டோ காரே 800 கிலோவுக்குள்தான். அந்த எடையை முக்கால் இஞ்ச் அகலம், 1.2 எம்எம் கனமுள்ள டியூபில் நிறுத்தி வைத்துவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து டீ குடிக்கிறோம்.

“முதல்ல கொஞ்சந்தானுங்ணா வெப்போம்” என்பார்கள். காலியாக இருக்கிற தட்டை எந்தப் பட்டறையில் பார்த்திருக்கிறீர்கள்? ஒரு வருஷத்தில் நிரம்பிவிடும். நிரம்பிய ரேக்குக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

சரி, ரேக்கை எப்படிச் செய்வது? நாலு காலுக்கும் 40×40×5 எம்எம் ஆங்கிள், அதாவது ‘எல்’ வடிவ இரும்பு போடுங்கள். மீட்டருக்கு 3 கிலோ வரும், செலவு கொஞ்சம் கூடும், கூடட்டும். தட்டு 3 அடிக்கு மேல் நீளமாகப் போனால் நடுவில் ஒரு கால் இறக்குங்கள். அதே எடைக்கு நீளம் இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்காகும். தட்டின் முன் விளிம்பில் அரை இஞ்சாவது மேலே மடித்து விடுங்கள், அதிர்வில் டப்பா நகர்ந்து விழாது. பின்பக்கம் 25×5 எம்எம் ஃபிளாட்டில், அதாவது பட்டை இரும்பில், ‘X’ மாதிரி குறுக்குத் தாங்கல் (ஸ்டே) கட்டாயம். ஸ்டே இல்லாத சட்டம் பக்கவாட்டில் சாயத்தான் செய்யும், எத்தனை கனமான ஆங்கிள் போட்டாலும்.

வெல்டிங்கில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. தற்காலிகமாகப் பிடித்து நிற்க அங்கங்கே புள்ளி மாதிரி டேக் வைத்த இடத்தையே வெல்டு என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் முழுசாக ஓட்டிவிட்டு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கிரைண்டர் போட்டு மூலையில் இருக்கிற வெல்டைச் சுத்தமாக வழித்துவிடுகிறார்கள். தட்டைத் தாங்குவதே அந்த மூலையில் நிற்கிற உலோகம்தான். அதை வழித்தெடுத்து பெயின்ட் அடித்தால் யாருக்குத் தெரியும்? சாய்ந்து கிடந்த அந்த ரேக்கில் விட்டுப்போன மூட்டுகள் எல்லாம் இப்படி வழித்தவைதான். மெல்லிசு டியூபில் 3.15 எம்எம் வெல்டிங் ராடை வைத்து ஓட்டை போட்டு, அந்த ஓட்டையை ராடாலேயே அடைத்து மூடியிருந்ததையும் பார்த்தேன். 2.5 ராடு எடுத்து ஆம்பியரைக் குறைத்தால் தீர்ந்தது.

துத்தநாகம் பூசிய பழைய ஜி.ஐ. குழாய் சும்மா கிடக்கிறதே என்று அதில் ரேக் செய்யாதீர்கள். துத்தநாகப் புகை உள்ளே போனால் சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் வரும். வெல்லம் தின்றால் சரியாகிவிடும் என்று நம்ம ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. அப்புறம், டப்பா செய்ய என்று தின்னர் கேனையோ பெட்ரோல் கேனையோ கிரைண்டரில் வெட்டவே வெட்டாதீர்கள். உள்ளே ஆவி நிற்கிற காலி கேன்தான் வெடிக்கும்.

ரேக் நின்ற பிறகு செய்ய வேண்டியதைத்தான் யாரும் செய்வதில்லை. ஆழத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் உயரம் போனால் சுவரில் துளை போட்டு இறுக்குகிற ஆங்கர் போல்ட் போட்டே ஆக வேண்டும், இதில் என்னிடம் பேரம் கிடையாது. உள்ளே பொந்து விட்ட ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் சாதா ஆங்கர் பிடிக்காது. ஷெட்டின் இரும்புத் தூணோடு சேர்த்துக் கட்டுங்கள். காலுக்கு அடியில் 100×100×6 எம்எம் இரும்புத் தகடு (பேஸ் பிளேட்) வையுங்கள், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கனமானது கீழே, லேசானது மேலே. மேல்தட்டுச் சாமானை எடுக்க 500 ரூபாய்க்கு ஒரு ஸ்டூல் செய்து பக்கத்திலேயே போடுங்கள், பையன் ஏன் தட்டில் ஏறப் போகிறான்?

ஏற்கெனவே ரேக் வைத்திருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அதன் மேல்முனையைக் கையால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் இன்றைக்கே மேல்தட்டு நட்டு டப்பாக்களைத் தரைக்கு இறக்கிவிடுங்கள். ஆங்கரை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.