மாணிக்கமும் நீலமும் ஒரே கல்லு, அதோட பேரு குருந்தம்

பெங்களூர்ல அல்சூர், சிவாஜிநகர் பக்கம் எந்த நகைக்கடைக்குப் போனாலும் மாணிக்கத்தை ஒரு ட்ரேல, நீலத்தை இன்னொரு ட்ரேலதான் காட்டுவாங்க, ஜோசியத்துலயும் ஒண்ணு சூரியனுக்கு, ஒண்ணு சனிக்கு. ஆனா ரெண்டும் ஒரே கனிமம், அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டான படிகம், கனக புஷ்பராகம்னு விக்கிற மஞ்சள் சஃபயரும் அதேதான். இந்தக் கனிமத்துக்கு உலகம் பூரா இருக்கிற பேரு கொரண்டம், அது நம்ம குருந்தம்ங்கிற சொல்லுல இருந்து போனது, சமஸ்கிருதத்துல குருவிந்தம்னு சொல்லுவாங்க. 18ஆம் நூற்றாண்டுல இந்தக் கல்லு இந்தியாவுல இருந்து இங்கிலாந்துக்குப் போய், 1798ல சார்லஸ் கிரெவில்ங்கிற கனிமச் சேகரிப்பாளர் ராயல் சொசைட்டிங்கிற அறிவியல் சங்கத்தோட இதழ்ல இதைப் பத்தி கட்டுரையே எழுதினாரு. பாடப்புத்தகத்துல இதை ஏன் சொல்லித்தர மாட்டேங்குறாங்கன்னு எனக்கு ஆதங்கமாவே இருக்கு.

ரூபிங்கிற பேரு லத்தீன்ல சிவப்புன்னு அர்த்தம் வர்ற சொல்லுல இருந்து வந்தது, அதனால சிவப்பா இருந்த கல்லு எல்லாமே ஒரு காலத்துல ரூபி ஆயிடுச்சு, இங்கிலாந்து ராஜ கிரீடத்துல இருக்கிற பேர் போன பெரிய ரூபி கூட நிஜத்துல ஸ்பினெல்ங்கிற வேற கல்லு.

சரி, ஒரே கல்லுன்னா நிறம் எப்படி மாறுது? சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்துல நூத்துல ஒரு பங்கு, பெரும்பாலும் அதுக்கும் கம்மியா, குரோமியம் புகுந்துட்டா போதும், அது வெளிச்சத்துல இருக்கிற பச்சையையும் ஊதாவையும் உறிஞ்சிக்கிட்டு சிவப்பை வெளிய விடும், அதோட நிக்காம உறிஞ்சின சக்தில கொஞ்சத்தை 694 நானோமீட்டர் அலைநீளத்துல சிவப்பு ஒளியாவே திருப்பிக் கொடுக்கும், நல்ல மாணிக்கம் உள்ளுக்குள்ள கங்கு எரியுற மாதிரி தெரியுறது இதனாலதான். 1960ல தியோடர் மெய்மன் உலகத்தோட முதல் லேசரை செஞ்சதும் இந்த ஒளியை வச்சுத்தான். நீலத்துல குரோமியம் இல்ல, இரும்பும் டைட்டானியமும், வெளிச்சம் பட்டதும் இரும்புல இருந்து டைட்டானியத்துக்கு ஒரு எலக்ட்ரான் தாவும், அதுல வெளிச்சத்துல இருக்கிற சிவப்பும் மஞ்சளும் உறிஞ்சப்பட்டுடும், நீலம் மிஞ்சும்.

கடினத்துல வைரத்துக்கு 10னா குருந்தத்துக்கு 9. நம்ம பெங்களூர் ஹெச்எம்டி ஜனதா வாட்ச்ல 17 ஜுவல்னு போட்டிருக்குமே, அந்த ஜுவலும் இதுதான், தீச்சுவாலைல பவுடரை உருக்கி செயற்கையா வளர்த்த மாணிக்கம். சக்கரத்தோட அச்சுமுனை அதுலதான் உக்காந்து சுத்தும், உராய்வு ரொம்பக் கம்மி, வருஷக்கணக்குல ஓடினாலும் சுலபத்துல தேயாது.