விழாத ஜாபும் வேலை செய்கிறது

குத்துச்சண்டை முடிந்ததும் திரையில் ஒரு கணக்கு காட்டுவார்கள்: இவர் இத்தனை ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் விரைவுக் குத்து) வீசினார், அதில் இத்தனை பட்டது. தொழில்முறைப் போட்டிகளில் ஐந்துக்கு ஒன்று பட்டாலே அது சராசரிதான். தடுத்தாடுவதில் தேர்ந்தவர் எதிரே நின்றால் அதுவும் தேறாது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, தடுத்தாடுபவரிடம் ஜாப் எடுபடாது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எத்தனை பட்டது என்பதை மட்டும் எண்ணினால், ஒவ்வொரு ஜாபுக்கும் எதிராளி எதைச் செய்ய நேர்ந்தது என்பது கணக்கில் வராமலே போகிறது.

வலது கைக்காரர் இடது காலையும் இடது கையையும் முன்னால் வைத்து நிற்பார். அந்த இடது கையை நேராக நீட்டிக் குத்தி, அதே வேகத்தில் திரும்ப இழுத்துக்கொள்வதுதான் ஜாப். பலத்தில் இது பின்கைக் குத்துக்கு ஈடாகாது. பிரிட்டனில் உயர்மட்ட வீரர்களை வைத்துச் செய்து 2000-ல் வெளியான ஆய்வில், பின்னால் இருக்கும் கையின் குத்துவிசை சுமார் 4800 நியூட்டன், முன்னால் இருக்கும் கையுடையது சுமார் 2850. இடுப்பும் தோளும் முழுதாகச் சுழல இடம் இல்லாததால் விசை குறைகிறது. ஆனால் அந்தச் சுழற்சி இல்லாததால்தான் எதிராளிக்கு முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை.

குத்து வாங்கப்போகிறவரின் கண்ணில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஹூக் எனப்படும் வளைவுக் குத்து பக்கவாட்டில் சுற்றி வருகிறது. பார்வையின் குறுக்கே நகரும் எதையும் கண் சட்டென்று பிடித்துவிடும். ஜாப் கண்ணை நோக்கியே வருவதால் இடம் மாறுவது தெரியாது, பெரிதாவது மட்டுமே தெரியும். அந்தப் பெரிதாதலும் சீராக நடக்காது. கண்ணிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருந்த கையுறை 40 செ.மீ.க்கு வரும்போது இரண்டு மடங்காகத் தெரிகிறது. பாதி வழி முடிந்துவிட்டது. 20 செ.மீ.யில் நான்கு மடங்கு, 10 செ.மீ.யில் எட்டு மடங்கு. ஆபத்து என்று கண் அலறும்போது தப்பிக்க நேரமே இருக்காது.

நேரக் கணக்கும் தடுப்பவருக்குச் சாதகமாக இல்லை. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்ற மிக எளிய சோதனைக்கே மனிதர்கள் ஏறத்தாழ 0.2 விநாடி எடுத்துக்கொள்கிறார்கள். வருவது இடதா வலதா, தலைக்கா வயிற்றுக்கா என்று பிரித்தறிய வேண்டுமென்றால் இன்னும் கூடும். கை எட்டும் தூரத்திலிருந்து புறப்படும் நல்ல ஜாப் கிட்டத்தட்ட அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். கையுறையைப் பார்த்துவிட்டுத் தடுக்கலாம் என்று யாராவது நின்றால் மூக்கில் வாங்குவார்.

அப்படியானால் நல்ல தடுப்பாட்டக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? தூரத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறார்கள். எதிராளியின் கை எட்டும் எல்லைக்கு அரையடி வெளியே நின்றுகொண்டால், அவர் குத்துவதற்குக் காலை எடுத்து வைத்தே ஆக வேண்டும். அந்தக் கால் அசைவும் தோளின் சின்னத் துடிப்பும் குத்துக்கு முன்பே தெரிந்துவிடும். இன்னொன்று தாளம். ஒரே இடைவெளியில் ஜாப் வந்துகொண்டிருந்தால் மூளை அடுத்தது எப்போது என்று எதிர்பார்த்துத் தயாராகிவிடுகிறது. சீரான இடைவெளியில் வரும் தூண்டலுக்கு மனிதர்கள் விரைவாகச் செயல்படுவார்கள் என்பது உளவியல் ஆய்வுகளில் பழைய செய்தி.

ஜாப் போடுபவர் உடைக்க வேண்டியது இந்தக் கணிப்பைத்தான். இதற்கு மூளையிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. ஒரு தூண்டலுக்கான பதிலைத் தயாரித்துக்கொண்டிருக்கும்போது, கால் விநாடிக்குள் இன்னொன்று வந்தால், இரண்டாவதற்கான பதில் வரிசையில் காத்திருக்கிறது. எவ்வளவு நெருக்கமாக வருகிறதோ அவ்வளவு தாமதம். பாசாங்குக் குத்து பலிப்பதும், இரட்டை ஜாபில் இரண்டாவது பெரும்பாலும் படுவதும் இதனால்தான். முதல் ஜாப் காற்றில் போகலாம், கையுறையில் தட்டி நிற்கலாம். அதற்குத் தடுப்பவர் கையை அசைத்துவிட்டாரா, தலையைச் சாய்த்துவிட்டாரா என்பதுதான் முக்கியம். அசைத்திருந்தால் அடுத்த குத்து வரும் நேரத்தில் அவருடைய மூளை முந்தைய வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு கையுறைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தி மூடிக்கொள்பவரிடம் ஜாபுக்கு வேறொரு வேலை. கையுறை மேலேயே குத்தினால் அது அவர் கண்ணுக்கு முன்னால் வந்து பார்வையை மறைக்கும்; அந்த நொடியில் வயிற்றுக்கு வரும் வலது கையை அவர் பார்க்க மாட்டார். பின்னால் சாய்ந்து தப்பிப்பவருக்குத் தலை தொலைவில் போனாலும் மார்பு போகாது. மார்பில் விழும் ஜாப் வலிக்காது. ஆனால் எடை முழுக்கப் பின்காலில் ஏறிவிட்டவரால் அதற்கு மேல் சாய முடியாது. அடுத்து அவர் மேடையைச் சுற்றியுள்ள கயிற்றை நோக்கித்தான் நகர வேண்டும்.

2007 மே 5 அன்று லாஸ் வேகஸில் ஃப்ளாய்ட் மேவெதரும் ஆஸ்கர் டி லா ஹோயாவும் மோதியதில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். முன்தோளை உயர்த்தித் தாடையை அதன் பின்னால் ஒளிக்கும் மேவெதரைத் தொடுவதே கடினம். முற்பாதியில் டி லா ஹோயா ஜாபை விடாமல் போட்டு அவரைக் கயிற்றுக்கு ஒதுக்கினார். பிற்பாதியில் அந்த ஜாப் குறைந்தது, ஆட்டமும் கைமாறியது. மூன்று நடுவர்களில் இருவர் மேவெதருக்கும் ஒருவர் டி லா ஹோயாவுக்கும் கொடுத்தார்கள். ஜாப் நிற்காமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் ஜாப் இலவசமாகக் கிடைப்பதில்லை. நீட்டிய கை திரும்பி வரும்வரை தாடையின் அந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது. பொறுமையாகத் தடுத்தாடுபவர் காத்திருப்பதே அதற்காக. அமெரிக்க வீரர் ஜோ லூயிஸின் முந்தைய ஆட்டத்தைப் பார்த்த ஜெர்மன் வீரர் மேக்ஸ் ஷ்மெலிங், ஜாப் போட்டதும் லூயிஸ் இடது கையைத் தாழ்த்திக் கொண்டுவருவதைக் கவனித்தார். 1936 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் அந்த இடைவெளிக்குள் வலது கையை மறுபடி மறுபடி இறக்கி, நான்காவது சுற்றில் லூயிஸைக் கீழே தள்ளி, பன்னிரண்டாவதில் வீழ்த்தினார். 1938-ல் மீண்டும் மோதியபோது லூயிஸ் அந்த வலது கைக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. முதல் சுற்றில், 2 நிமிடம் 4 விநாடியில் ஆட்டம் முடிந்தது.