இரும்பாணி இல்லாத வீடு

1960-களின் இறுதியில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பௌ பீச் நீர்த்தேக்கம் உருவானபோது, மூழ்கவிருந்த இடத்தில் ‘பேலீஃப்’ என்ற பண்ணை வீடு இருந்தது. அதை யாரும் இடிக்கவில்லை. கட்டிலைக் கழற்றுவதுபோலக் கழற்றி எடுத்துப்போய், சசெக்ஸின் சிங்கிள்டன் கிராமத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்திவிட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வீடு அது!

கழற்ற முடிந்ததற்குக் காரணம், அந்த வீட்டில் சுவர் எதையும் தாங்கவில்லை. கூரையின் பாரம் முழுவதும் ஓக் மரச் சட்டகத்தின் மேல்தான். சட்டகத்தின் மூட்டுகளில் இரும்பாணி கிடையாது. ஒரு மரத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கி, மற்றொன்றில் வெட்டிய குழியில் செருகி, குறுக்கே மர முளை அடித்தார்கள். இதில்தான் தச்சரின் சூட்சுமம் இருக்கிறது. முளைக்கான துளைகளை நேருக்கு நேர் போடமாட்டார். நாக்கில் உள்ள துளை, அதன் அடிப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருக்கும். முளையை அடிக்க அடிக்க அது நாக்கை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கிவிடும்.

மரமோ வெட்டிச் சில மாதங்களே ஆன பச்சை மரம். காய்ந்த ஓக் உளியைப் படுத்தி எடுத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அகலவாக்கில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். பழைய ஆங்கிலேய வீடுகளின் கோணல்மாணலான அழகில் பெரும்பங்கு இந்த முறுக்கலுக்கு உண்டு. கட்டியவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

சட்டகத்தின் இடைவெளிகளில் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பினார்கள். சாணத்தின் அருமையை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

வீட்டின் நடுக்கூடத்துக்கு மேல்தளம் இல்லை. தரையிலிருந்து கூரை வரை ஒரே வெளி. தரை நடுவே அடுப்பு எரியும், புகைபோக்கி கிடையாது. சன்னல்களுக்குக் கண்ணாடியும் கிடையாது, மரக்கம்பிகள் மட்டுமே. புகை மேலே எழுந்து, ஆட்களின் தலைக்கு மேல் மிதந்து, கூரை இடுக்குகளின் வழியே மெல்லக் கசியும். கூடம் அவ்வளவு உயரமாக இருந்ததால்தான் கீழே மூச்சுவிட முடிந்தது.

16-ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கிகள் பரவியபின், இத்தகைய கூடங்கள் பலவற்றின் குறுக்கே தளம் போட்டு மாடியாக்கினார்கள். வெளியே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. பரணில் ஏறி டார்ச் அடித்தால், அடுப்பு எரிந்த இடத்துக்கு நேர் மேலே கைமரங்கள் கன்னங்கரேலென்று இருக்கும்.