நடைக்கு அசராதவர் ஓட்டத்தில் ஏன் திணறுகிறார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நின்று, மரம் மரமாக நடந்து பால் வெட்டிய பெரியவர்கள் பலர் இன்றும் கடைத்தெருவுக்கு நடந்தே போகிறார்கள். அவர்களைத் தமிழ்ப்பள்ளித் திடலை ஒரு சுற்று ஓடச் சொல்லிப் பாருங்கள். பாதியிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்கள். நுரையீரலுக்கு வயதாகிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் பழி அதன்மேல் இல்லை.

நடக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்கும். ஊன்றிய காலின்மேல் உடல் சற்றே ஏறி முன்னால் இறங்குகிறது. ஏறும்போது சேர்ந்த ஆற்றலில் பெரும்பங்கு இறக்கத்தில் திரும்பக் கிடைத்துவிடும். ஓட்டமோ ஒற்றைக்கால் குதியல்களின் வரிசை. ஒவ்வோர் அடிக்கும் இடையில் இரண்டு கால்களும் காற்றில். இறங்கும்போது முட்டி மடங்கிய ஒரே கால், உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு விசையைத் தாங்குகிறது. 70 கிலோ ஆளென்றால் குறைந்தது 140 கிலோ பாரம்! குதிகாலின் தடித்த தசைநாண் ஸ்பிரிங் மாதிரி இழுபட்டுக் கொஞ்சம் திருப்பித் தரும். மிச்சமெல்லாம் தொடையும் கெண்டைக்காலும் பார்க்க வேண்டிய வேலை.

மூச்சு வாங்குவதற்குக் காரணம் வேறு. மணிக்கு 8 கிலோமீட்டர் மெதுவோட்டத்துக்கே, சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஏறக்குறைய 8 மடங்கு ஆக்சிஜன் வேண்டும். இதயமும் தசைகளும் அந்த அளவுக்கு வந்துசேர 2, 3 நிமிடம் பிடிக்கும். அதுவரை தசைகள் ஓரளவு ஆக்சிஜன் இல்லாமலே சமாளிக்கின்றன. இரத்தத்தில் அமிலத்தன்மையும் கரியமில வாயுவும் கூடுவதால், மூளை மூச்சை விரட்டுகிறது. புதிதாக ஓடுகிறவர் ‘நமக்கு இது சரிப்படாது’ என்று நிற்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

நம் ஊர் புழுக்கம் வேறு. செம்பனைக்காட்டு விடியற்காலை குளுகுளுவென்று இருந்தாலும் காற்றில் ஈரப்பதம் அப்போதுதான் உச்சம். வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்பியாக வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? வேகத்தைக் குறைக்கலாம். நடை ஓட்டமாக மாறுவது மணிக்கு 7 கிலோமீட்டரை ஒட்டித்தான். அதைத் தாண்டிச் சற்றே கூடுதல் போதும். பக்கத்தில் வருபவரோடு பேச முடியவில்லை என்றால் அது அதிக வேகம். இடையிடையே நடப்பதில் வெட்கமே வேண்டாம். சில வாரங்களில் மூச்சு இலகுவாகும். எலும்பும் தசைநாணும் தேற மாதக்கணக்காகும். மூச்சு சரியாகிவிட்டதே என்று அவசரமாகச் சுற்றைக் கூட்டினால் அடுத்து முன்னங்கால் எலும்பு வலிக்கும்.