ஆலங்கட்டி இருக்கப் பனிமழை எதற்கு?

கோடை இடிமழையில் கட்டி கட்டியாக விழுந்தால் போதும், "பனிமழை பொழிந்தது" என்று செய்தி வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் இன்னும் மோசம், "பனிப்புயல்" என்றே எழுதிவிடுகிறார்கள். இதற்கு ஆலங்கட்டி என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. சங்கப் பாடல்களில் வரும் ஆலிதான் இதன் பழைய வடிவம். மழைத்துளிக்கும் அந்தப் பெயர் உண்டு. கட்டி என்றால் உறைந்து இறுகியது. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

பனி என்ற சொல் ஏற்கெனவே சுமை தாங்காமல் தவிக்கிறது. புல்நுனியில் நிற்கும் நீரும் பனி, காலையில் கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி, மலையுச்சியில் படிவதும் பனி. இதில் ஆலங்கட்டியையும் ஏற்றினால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

சொல்லை விடுங்கள், பொருளும் தப்பு. வானிலிருந்து விழும் பனி, நீராவி நேராகப் பனிப்படிகமாகி உருவாவது. அது கரையாமல் தரைக்கு வரக் கீழ்க்காற்றும் குளிர்ந்திருக்க வேண்டும். ஆலங்கட்டி பிறப்பது இடிமேகத்துக்குள். அங்கே வெப்பநிலை சுழியம் செல்சியசுக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள் மிதக்கும். மேலெழும் காற்று தாங்கிப் பிடித்திருக்கும் சிறு பனிக்கட்டிக் கருவின் மேல் அவை மோதி உறைய உறைய அது பருக்கும். காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் விழும். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும். சட்டென்று உறைந்த அடுக்கில் காற்றுக்குமிழி சிக்கி வெளுத்திருக்கும். மெல்ல உறைந்தது கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். 1986இல் வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் விழுந்த ஒன்று ஒரு கிலோவுக்கும் சற்று அதிகம். இதையா பனிமழை என்பது!

"பனிக்கட்டி மழை என்றால் எல்லோருக்கும் புரியுமே" என்பார்கள். சரி, புரியும். ஆனால் உறைமழை என்று வேறொன்று இருக்கிறதே! நீராகவே விழுந்து, தரையிலும் கம்பியிலும் பட்டவுடன் பனிக்கட்டியாக உறைவது அது. அதையும் பனிக்கட்டி மழை என்றுதான் எழுதுவார்கள், அப்புறம் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆலி என்ற வேர் கையில் இருந்தால் ஆலிக்கரு, ஆலியடுக்கு என்று சொற்கள் தாமாகக் கிளைக்கும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைச் சிற்றாலி எனலாம். பனிக்கட்டி மழையிலிருந்து இப்படி ஒரு சொல்லாவது பிறக்குமா?

அகராதியைப் புரட்டச் சோம்பல்பட்டு, கண்ணில் பட்ட பனியை ஒட்டவைப்பதுதான் இப்போது மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகூட ஆலங்கட்டி மழை என்று சரியாகச் சொல்லும். எழுதிப் பிழைப்பவர்களுக்குத்தான் அது வாயில் வருவதில்லை.