புள்ளிக்குப் பெயர் வைக்கும் சுருள்

ராயபுரத்தில் ஒரு சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்த முதல் வாரம். வலது கை ஒழுங்காகப் போனது. இடது கை தொட்டதெல்லாம் அபஸ்வரம். பக்கத்தில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடிக்கொண்டிருந்த அக்கா தாளைத் தட்டி, "தம்பி, கீழ கிளெஃப் வேற, பாத்து வாசி" என்றார். மேற்கத்தியச் சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துகள்தான் பெயர். இடது கைக்கான பேஸ் கிளெஃபின் அடிக்கோட்டில் இருந்த ஜி-யை, வலது கை வரியைப் போலவே நான் ஈ என்று வாசித்துக்கொண்டிருந்தேன்.

நம் சரிகமபதநியில் இந்தத் தொல்லை இல்லை. 'ப' என்று எழுதினால் அது ப-தான். மேற்கத்தியக் குறிப்பில் ஐந்து கோடுகள், அவற்றின் மேலும் இடையிலும் புள்ளிகள். புள்ளிக்குச் சொந்தப் பெயர் கிடையாது. உட்காரும் இடம்தான் பெயர். சரி, இடத்துக்கு யார் பெயர் வைப்பது? வரியின் தொடக்கத்தில் நிற்கும் கிளெஃப். பிரெஞ்சில் அதற்குச் சாவி என்று பொருள்.

வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் பழைய எண், புதிய எண் பார்த்து வீடு தேடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு வீட்டின் எண் உறுதியாகத் தெரிந்தால் போதும், மற்றதை எண்ணிக்கொண்டே போய்விடலாம். கிளெஃப் காட்டுவது அந்த ஒரு வீட்டைத்தான்.

வலது கை வரியில் நிற்கும் ட்ரெபிள் கிளெஃபின் சுருளை நிதானமாகப் பாருங்கள். அதன் வயிறு கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றிக்கொள்கிறது. அந்தக் கோடு ஜி. நொடிக்குச் சுமார் 392 அதிர்வு. அதற்கு மேல் இடைவெளி ஏ, அடுத்த கோடு பி. பேஸ் கிளெஃபிலோ இரண்டு பொட்டுகள் மேலிருந்து இரண்டாவது கோட்டுக்கு இருபுறமும் காவல் நிற்கும். அது எஃப்; சுமார் 175 அதிர்வு. இரண்டு கிளெஃபுமே ஜி, எஃப் என்ற ரோமன் எழுத்துகள்தான், எழுதி எழுதி இப்படி வளைந்துவிட்டன. 11ஆம் நூற்றாண்டில் கீதோ என்ற இத்தாலியத் துறவி, எஃப் கோட்டுக்குச் சிவப்பு, சி கோட்டுக்கு மஞ்சள் என்று நிறமே கொடுத்தார். அந்தச் சிவப்புக் கோடு இருந்திருந்தால் அன்று என் மானம் தப்பியிருக்கும்.

ஒரே கிளெஃப் போதாதா? ட்ராம்போன் என்ற ஊதுகருவியின் கனத்த சுரங்களை ட்ரெபிளில் எழுதிப் பாருங்கள். ஐந்து கோட்டுக்குக் கீழே குட்டிக் கோடுகள் ஏணிபோலத் தொங்கும். அதை எண்ணுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். பேஸில் எழுதினால் அதே சுரங்கள் கோடுகளுக்குள் அடங்கிவிடும். இடைப்பட்ட குரல்கொண்ட, வயலின் குடும்பத்து வயோலாவுக்கு நடுக்கோட்டையே சி ஆக்கும் ஆல்டோ கிளெஃப்.

கீபோர்டில் அந்த நடு சி-யைத் தேடினால் வேடிக்கை. ட்ரெபிளுக்குக் கீழே ஒரு குட்டிக் கோடு, பேஸுக்கு மேலே ஒரு குட்டிக் கோடு. இரண்டிலும் அழுத்த வேண்டியது ஒரே கட்டைதான்.