ஒன்பதாம் மாதமும் அரை டம்ளர் நெய்யும்

எட்டாம் மாதம் பரிசோதனைக்கு வரும் பெண்ணோடு அவர் அம்மாவோ மாமியாரோ வருவது வழக்கம். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும். "டாக்டரம்மா, இனிமே தினமும் நெய் உருக்கிக் குடுக்கலாமா? சுகப்பிரசவம் ஆகும்னு சொல்றாங்களே." ஓர் அம்மா கேட்கவே இல்லை. பத்து நாளாகவே காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளர் கொடுத்து வந்திருந்தார். மகளோ நெஞ்செரிச்சலில் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறாள்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மகள் வலியில்லாமல் பெற்றெடுக்க வேண்டும் என்றுதானே செய்தார். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். நெய் போவது இரைப்பைக்கு, அங்கிருந்து குடலுக்கு. குழந்தை இருப்பது கருப்பையில். இரண்டுக்கும் நடுவே வழியே கிடையாது. குடித்த நெய் குடலிலேயே செரித்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். பிரசவம் எப்படி அமையும் என்பது கருப்பை சுருங்கும் வேகம், குழந்தையின் தலை திரும்பியிருக்கும் விதம், இடுப்பெலும்பின் அளவு போன்றவற்றைப் பொறுத்தது.

கணக்கும் பார்த்தோம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 350 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). அரை டம்ளர் நெய்யில் 800 கலோரி வரை இருக்கும்.

அதற்காக நெய்யே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். குழந்தையின் மூளை வளரவும் வேண்டும். அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலேயே ஆவின் நெய் இருக்கிறது. ஒரு நாளைக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 30 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். தாளிப்பதும் தோசைக்கு ஊற்றுவதும் இதற்குள் அடக்கம். இதில் ஒன்றிரண்டு ஸ்பூன் நெய்யாக இருக்கட்டும். கர்ப்பகாலச் சர்க்கரை என்று தெரிந்ததும் பயந்துபோய் முட்டை, வேர்க்கடலை, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் ரசம் சாதத்தில் இறங்குகிறவர்களும் உண்டு. சர்க்கரையை ஏற்றுவதே அந்தச் சாதம்தான்.

நல்ல கொழுப்பு வேண்டுமென்றால் மத்தி, அயிலை, நெத்திலி. வாரம் இரண்டு முறை குழம்பு வைத்துச் சாப்பிட்டால் போதும். சுறா மட்டும் வேண்டாம். பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் சுரக்கும் என்று பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கும் சுறாப்புட்டுக்கும் இதேதான் என் பதில்.

நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். கர்ப்ப காலத்து ஹார்மோன், இரைப்பையின் வாயிலில் இருக்கும் வால்வைத் தளர்த்திவிடும். கீழேயிருந்து கருப்பை வேறு அழுத்தும். கொழுப்புள்ள உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். அதனால் பிரியாணி ஆசை வந்தால் மதியம் சாப்பிடுங்கள், வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதி. இரவு ஒன்பது மணிக்கு வேண்டாம். சாப்பிட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. பஜ்ஜி, வடை என்றால் வீட்டில், புது எண்ணெயில். கடை வாணலியில் அந்த எண்ணெய் எத்தனை தடவை காய்ந்தது என்று நமக்குத் தெரியாது. வளைகாப்பு அன்றைக்கு ஐந்து வகைச் சாதத்திலும் ஒவ்வொரு வாய் சாப்பிடட்டும், ஒரு நாள்தானே. மறுநாளிலிருந்து ஒரு வாரம் காலியாகும் இனிப்பு டப்பாதான் எனக்குக் கவலை.

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றையும்விட முக்கியம். எட்டாம் மாதத்தில் ஒரு பெண் கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டார். இரவு மேல் வயிற்றில், வலப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே வலி. வீட்டில் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். தலைவலி என்றார், தூக்கமில்லாததால் என்று விட்டுவிட்டார்கள். விடிந்து வந்தபோது ரத்த அழுத்தம் 170/110. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு கல்லீரல்வரை பாதித்திருந்தது. அவசரமாக அறுவை சிகிச்சை செய்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அன்றைக்குச் சாப்பிட்ட பிரியாணிதான் எல்லோர் கண்ணையும் மறைத்துவிட்டது.

கொழுப்பு அதிகம் சாப்பிட்ட பிறகு பித்தப்பைக் கல்லாலும் அதே இடத்தில் வலி வரலாம். இது எந்த வலி என்று வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மேல் வயிற்று வலி விடாமல் இருந்தாலோ, கூடவே தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், வாந்தி சேர்ந்தாலோ, நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு வந்துவிடுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்தம் மூன்றையும் பார்த்துவிட்டு மருத்துவர் வாயுதான் என்று சொன்னால், திரும்பிப் போய் ஓமத் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.